காப்பிக்காட்டில் ஒரு கொழுந்துக்காரி

ஏற்காட்டுக் கடைத்தெருவில் சாந்தாமேரியை எல்லோரும் ‘சிலோன்காரி’ என்றுதான் சொன்னார்கள். இலங்கையில் அட்டனில் இருந்தவரை அங்கே அவளை ‘இந்தியாக்காரி’ என்றார்கள். அரசாங்கம் மட்டும் கொஞ்சம் மரியாதையாக, ‘தாயகம் திரும்பியவர்’ என்று எழுதிக் கொடுத்தது. அவள் பிறந்ததும் வளர்ந்ததும் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீட்டில். கண்ணால்கூடப் பார்த்திராத ஊருக்கு ஒருத்தி எப்படித் திரும்புவாள் என்று அந்த அதிகாரிகளில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எழுபத்தைந்தாம் வருஷத்துக் கோடையில் முத்திரை குத்திக் கப்பலேற்றிவிட்டார்கள்.

அவளோடு வந்தது கணவன் ஸ்தனிஸ்லாஸ் மட்டும்தான். அம்மா வரவில்லை. சாந்தாமேரிக்குக் கூடப்பிறந்தவன் ஒருவன் இருந்தான்; அந்த மகனோடு இருக்கிறேன் என்று அவனுடைய குடியுரிமை மனுவிலேயே தன் பெயரையும் அம்மா சேர்த்திருந்தாள். அவனுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது, மகளுக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது. இரண்டு தேசத்துப் பிரதமர்களும் கூடி உட்கார்ந்து பேசி முடித்த காரியம், அதில் தேயிலை கிள்ளிப் பிழைக்கிற ஒரு கொழுந்துக்காரி போய் என்ன பேச முடியும்? அட்டன் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது அம்மா அழவில்லை. “போய்ப் பொழைச்சுக்க புள்ள” என்று மட்டும் சொன்னாள். அம்மாவின் போட்டோ ஒன்றுகூட சாந்தாமேரியிடம் கிடையாது. தோட்டத்தில் யார் கொழுந்துக்காரியை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள்?

கையில் இருந்தது தொழில்தான். அவளுடைய அப்பா உயிரோடு இருந்தவரை தேயிலை பேக்டரியில் பெட்டிகளுக்குப் பெயர் அடித்தவர். தகரத்தில் எழுத்து வெட்டி, அதன்மேல் மைத்துணியை ஒற்றி எடுக்கிற வேலை. அவரோடு அந்தத் தகரம் வெட்டிப் பழகிய அவள் கை, பிற்பாடு அட்டனில் ஓர் அச்சகத்துக்குத் தேயிலைப் பாக்கெட் லேபிளும் சோடா லேபிளும் கல்யாணப் பத்திரிகையும் வரைந்து கொடுத்தது. யாரிடமும் சம்பளத்துக்கு நிற்காமல், வீட்டில் உட்கார்ந்தபடியே, கேட்டவர்களுக்குக் கேட்டதைச் செய்து பிழைத்தாள். கங்காணி விசில் ஊதி எழுப்பாத பெண் அந்த லயத்திலேயே அவள் ஒருத்திதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, நியாயமான கர்வம்தான்.

ஏற்காட்டில் ஸ்தனிஸ்லாசின் பெரியப்பா மகன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் மூலமாகக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் அறையும், ஸ்தனிஸ்லாசுக்கு மரம் ஏற்றும் வேலையும் கிடைத்தன. சாந்தாமேரி பிரஷ்களை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள். முதலில் ஒரு லாட்ஜ்காரர் ‘அறை வாடகைக்கு விடப்படும்’ என்று எழுதச் சொன்னார். பிறகு ஜீப்புகள் வந்தன. கழுத்தில் சிலுவை தொங்க அவள் ஒரு ஜீப்பின் நெற்றியில் ‘முருகன் துணை’ எழுதியபோது, பக்கத்து டிரைவர் நின்று கேலி பேசினான். எழுதி முடித்த பிறகு அவனே தன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, “எனக்கும் அதே மாதிரி வளைச்சு எழுதுங்க” என்றான்.

ஆனாலும் வேலை ஒருநாள் வரும், பிறகு பல நாள் வராது. இதற்கிடையே, கப்பலிலிருந்து இறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் வேலைக்குப் பதிந்து வைத்திருந்தபடி தெற்கே ஒரு நூல் மில்லிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். பொங்கல் கழிந்ததும் இரண்டு பேரும் வந்து சேர வேண்டும்.

“எனக்கு முதுகு தாங்கல மேரி” என்றான் ஸ்தனிஸ்லாஸ். “மில்லுன்னா கூரைக்குக் கீழ வேல. மழை நனைய வேண்டியதில்ல.”

“நான் பஞ்சு அள்ளவா கடல் தாண்டி பிரஷ்ஷக் கட்டிக்கிட்டு வந்தேன்?”

“கோவப்படாத. வயித்துக்கு வழி சொல்லு.”

“பொங்கல் வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள இந்த ஊர்க் கடைக்காரங்க என்னத் தேடி வர ஆரம்பிச்சா இங்கயே இருப்போம். வரலேன்னா வாயத் திறக்காம மில்லுக்கு வர்றேன்.”

ஸ்தனிஸ்லாஸ் சரி என்றான். நல்ல மனிதன். கவலையை மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது என்பதைத் தவிர அவனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த ஐப்பசியில்தான் அருக்காணி கூப்பிட்டு விட்டாள். சேலத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு மலைக்கு வந்தவள். காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிற கடை அவளுடையது. புருஷன் வறுக்கிற மெஷினோடு சரி, கல்லாவும் வாயும் அருக்காணியிடம்.

“டூர் வாரவிய பழைய பேப்பர்ல மடிச்ச பொடியை வாங்கிட்டுப் போனா, மறுக்கா எந்தக் கடைன்னு தேடுவாங்க கண்ணு? எனக்குப் படம் போட்ட லேபிள் வேணும். காப்பிச்செடியில பழம் பொறிக்கிற பொம்பள ஒருத்தி நிக்கோணும், பின்னால மலை தெரியோணும். பாத்தா கையில எடுக்கத் தோணோணும்” என்றாள்.

சாந்தாமேரிக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்த நாட்டில் அவளுக்கு வந்த முதல் லேபிள். வீட்டுக்குப் போய்ப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, கை தானாகப் போனது. வினை அந்தத் தானாகப் போனதில்தான் இருந்தது, ஆனால் அப்போது யாருக்குத் தெரியும்? மலைச்சரிவு வந்தது. சரிவில் செடி வந்தது, ரோட்டோரத்தில் பார்த்திருந்த அதே காப்பிச்செடி. செடிக்குப் பின்னால் ஒரு பெண் வந்தாள். முதுகில் பெரிய கூடை, கூடையின் கயிறு தலையைச் சுற்றி. இரண்டு விரலால் செடியின் நுனியை நாசூக்காகப் பிடித்தபடி, யாரோ கூப்பிட்டதுபோல் லேசாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அட, மொகத்தைப் பாரேன்! கூப்புட்டாப் பேசுவா போல இருக்குது” என்று அருக்காணி பூரித்துப்போனாள். சேலத்து அச்சகத்தில் படத்தைத் தகட்டில் பிளாக் செய்து, ஒரு வருஷத்துக்குத் தாங்குகிற மாதிரி லேபிளை அடித்து வாங்கிவிட்டாள். பச்சையும் சிவப்புமாகப் பாக்கெட்டுகள் கடை முகப்பில் ஏறின. பார்த்தவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். பேரிக்காய் ஜாம் போடுகிறவர் வந்து விசாரித்தார். லாட்ஜ்காரர் கார்டு அச்சடிக்க வேண்டும் என்றார். ஸ்தனிஸ்லாஸ்கூட மில் பேச்சை எடுப்பதைக் குறைத்துக்கொண்டான்.

கார்த்திகையில் காப்பிப் பழம் சிவந்தது. மஞ்சக்குட்டையிலிருந்து சித்தன் ஜீப்பில் மூட்டை போட்டுக்கொண்டு அருக்காணி கடைக்கு வந்தார். பரம்பரையாக மலையில் வெள்ளாமை செய்கிறவர். வருஷாவருஷம் அவர் காட்டுக் காப்பி அருக்காணிக்குத்தான். அன்றைக்குச் சாந்தாமேரி கடை வாசலில் ஏணிமேல் நின்று விலைப்பலகை எழுதிக்கொண்டிருந்தாள். கடையில் நாலைந்து பேர் பொடிக்குக் காத்திருந்தார்கள்.

சித்தன் ஒரு பாக்கெட்டை எடுத்துக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“ஏனுங்க, இந்தப் பொம்பள என்ன பண்றாங்க?”

“ஏன், கண்ணு தெரியலியா? காப்பிப் பழம் பொறிக்கறா” என்றாள் அருக்காணி.

“பொறிச்சு?”

“பொறிச்சுக் கூடையில போடுவா.”

“கூடை முதுகுல இருக்குதுங்களே. பழத்தை இப்படி வீசுவாளாட்ட இருக்குதுங்க” என்று சித்தன் தோளுக்குமேல் கையை வீசிக் காட்டினார். “நம்ம பொம்பளைங்க இடுப்புல பையக் கட்டிக்கிட்டு, கொப்பை வளைச்சுப் புடிச்சு, ரெண்டு கையாலயும் உருவிப் போடுவாங்க. இவ நுனியக் கிள்ளறா. பழம் நுனியிலயா இருக்குது? கூடையத் தலையில மாட்டிக்கிட்டு காட்டுக்குள்ள பூந்தா, கொப்புல சிக்கி அங்கயே தொங்குவா!”

மனிதர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். ஆனால் கடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் தெருவில் இறங்கி, முதுகில் கூடை மாட்டி மரத்தில் சிக்கியவள்போல் நடித்தே காட்டிவிட்டான். அருக்காணியின் முகம் கறுத்தது. ஏணிமேல் இருந்தவள் பிரஷ்ஷை டப்பாவில் போட்டாள். மெதுவாக இறங்கிவந்து ஒரு பாக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். அங்கே நின்றது கொழுந்துக்காரி. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் கொழுந்துக்காரியேதான்.

கூட்டம் கலைந்ததும் அருக்காணி புருஷனைக் கூப்பிட்டுப் போட்டாள் ஒரு சத்தம். “அந்த அச்சாபீஸ்காரன் எந்தத் தேயிலைக் கம்பெனி பிளாக்கையோ மாத்தி அடிச்சுக் குடுத்துட்டானுங்க! நாளைக்கு மொதப் பஸ்ஸுல போங்க. அத்தனையும் அவன் மூஞ்சியில வீசிட்டு, புதுசா அடிச்சு வாங்கியாங்க. நான் அன்னிக்கு மொகத்தைப் பாத்ததோட சரி, ஆனா இந்தப் புள்ள நல்லாத்தான் வரைஞ்சு குடுத்துருப்பா.”

சாந்தாமேரிக்குத் தப்பிக்க வாசல் திறந்தே இருந்தது. பேசாமல் நின்றாலே போதும். முகம் தெரியாத சேலத்துக்காரர் ஒருவர் தலையில் பழி விழும், அவர் இல்லை என்பார், இவர்கள் ஆமாம் என்பார்கள், சண்டை அவர்களுக்குள் போய்விடும். அவளுக்கு லேபிள்கள் வரும், ஜாம்காரர் வருவார், மில்லுக்குப் போக வேண்டியதில்லை. இத்தனையும் அவள் மனசில் ஓடாமல் இல்லை. அவளும் மனுஷிதானே.

“அக்கா, அச்சாபீஸ்காரர் தப்பு பண்ணலீங்க” என்றாள். “நான் வரைஞ்சதுதான் அது. எங்க ஊருல கொழுந்து அப்படித்தான் பறிப்பாங்க. காப்பி பறிக்கறத நான் பாத்ததில்லீங்க. பாக்கணும்னு தோணவும் இல்ல. தெரியும்னு நெனச்சுட்டேன்.”

அருக்காணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “பாக்காமயே வரைஞ்சியா? ஊரே சிரிச்சுதே சாமி! போ, ஊட்டுக்குப் போ. இப்ப எம் முன்னால நிக்காத.”

விலைப்பலகை பாதி எழுதியபடி நின்றது. சாந்தாமேரி பெயின்ட் டப்பாவையும் ஒரு பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவமானம் ஒரு பக்கம் கிடக்கட்டும். தன் கையே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதுதான் அவளைச் சுட்டது. ஏழெட்டு மாதமாக இந்த ஊர்க் காற்றைக் குடித்து, இந்த ஊர்ப் பேச்சின் ‘ங்க’வைப் பழகி, இந்த ஊர்க்காரி ஆகிவிட்டோம் என்றிருந்தாள். கை மட்டும் இன்னும் கப்பலேறவே இல்லை.

வேலை முடிந்து வந்த ஸ்தனிஸ்லாஸ் நடந்ததைக் கேட்டான். திட்டவில்லை. பாக்கெட்டை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தான். இத்தனை நாளும் கடையில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

“மேரி, இது அத்தையில்ல?”

“எந்த அத்த?”

“ஒங்கம்மா. இந்தா பாரு, மூக்கு. இந்தத் திரும்பிப் பாக்கறது. மல மேல கொழுந்து எடுக்கையில நாம கீழ ரோட்டுல போனா இப்படித்தான பாப்பாக.”

அவள் வாங்கிப் பார்த்தாள். அம்மாதான். வரைந்தபோது தெரியவில்லை, அச்சில் வந்தபோதும் தெரியவில்லை. பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். கப்பலேறிய நாளிலிருந்து அழாமல் சேர்த்துவைத்ததெல்லாம் ஒரு காப்பிப்பொடிப் பாக்கெட்டின் மேல் கொட்டித் தீர்ந்தது. ஸ்தனிஸ்லாஸ் அவள் முதுகைத் தடவியபடி உட்கார்ந்திருந்தான்.

“மில்லுக்கே போயிருவோமா மேரி?” என்று பிறகு கேட்டான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஞாயித்துக்கிழம வரைக்கும் குடுங்க. இன்னொண்ணு வரைஞ்சு அந்தக்காகிட்டக் காட்டறேன். அவங்க வேண்டாம்னா கெளம்பிருவோம். அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்.”

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் மஞ்சக்குட்டை ஜீப்பில் ஏறினாள். சித்தன் அவளைக் காட்டோரத்தில் கண்டதும் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“வாங்க அம்மிணி. அன்னிக்கு ஏணி மேல நின்ன நீங்கதான் அதை வரைஞ்சவங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அப்படிப் பேசியிருக்க மாட்டேன். ஊட்டுல சொன்னதுக்கு எம்பட பொம்பள என்னையத்தான் வஞ்சா.”

“நீங்க சொன்னது சரிதானுங்க. அதுதான் பாக்க வந்தேன்.”

நாள் முழுக்கப் பார்த்தாள். சில்வர் ஓக் மரங்களின் நிழல், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி, நிழலுக்குள் வெயில் துண்டு துண்டாக விழுந்து கிடப்பது. பெண்கள் இடுப்பில் சாக்குப்பை கட்டியிருந்தார்கள். பை நிறைய நிறைய வயிற்றுப்பிள்ளைக்காரிபோல் சற்றுப் பின்னால் சாய்ந்து நடந்தார்கள். அவர்களோடு தானும் ஒரு பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கொப்பை வளைத்தால் முகத்தில் அடித்தது, எறும்பு கடித்தது. தேயிலைக்காட்டில் தலைக்குமேல் வானம் இருக்கும். இங்கே வானத்தையே காணோம். பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், ‘மெதுவா உருவுங்க, காயும் சேந்து வருது’ என்றார்கள். சிரிப்பு அன்றைக்கு அவளைச் சுடவில்லை. உட்கார்ந்து வரைந்தாள், எழுந்து பறித்தாள், மறுபடி வரைந்தாள்.

மறுநாள் காலையில் புதுப்படத்தைக் கல்லாவில் வைத்தாள். ஸ்தனிஸ்லாஸ் வேலைக்குப் போகாமல் எதிர்க்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தான். அருக்காணி உடனே தொடவில்லை. கொட்டை நிறுத்துப் போட்டாள், ஒருவருக்குச் சில்லறை கொடுத்தாள், பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

“பை இடுப்புல இருக்குது. கொப்பை வளைச்சிருக்கறா” என்று விரல் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் குரல் இறங்கிச் சொன்னாள்: “எனக்கும் தெரியலியே கண்ணு. கல்யாணமாயி வந்த நாளாக் காப்பி விக்கறேன். மூட்டை வாசலுக்கு வருது, வாங்கறேன். ஒருநாளு அந்தக் காட்டுக்குள்ள போயி எட்டிப் பாத்தவ இல்ல. உன்னைய வஞ்சேனே, நானுந்தான பாத்துட்டு நல்லாருக்குதுன்னேன்? ஊரு சிரிச்சது எனக்கும் சேத்துத்தான்.”

“இது சரியா இருக்குதுங்களா அக்கா?”

அருக்காணி பழைய பாக்கெட் ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எல்லாஞ் சரிதான். ஆனா இவளுக்கு மொகம் சேரலியே. செவனேன்னு நிக்கறா. அவ நொம்ப ஒட்டுதலா இருந்தா. நேத்துக்கூட ஒரு அம்மா, அந்தப் பொம்பள படம் போட்டதுதான் வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போச்சு. உடம்பு இதே இருக்கட்டும், தலை மட்டும் அவளுதப் போட்டுக் குடு. பொங்கலுக்குள்ள அச்சுக்குப் போவோணும். அப்புறம் மொளகுக்கு ஒண்ணு, சீயக்காய்க்கு ஒண்ணு வரையோணும். ஏன் கண்ணு, இப்படி நிக்கறே?”

“அது எங்கம்மாங்க.”

“யாரு?”

“அந்தப் படத்துல இருக்கறவங்க. வேணும்னு வரையல. வந்துட்டாங்க.”

அருக்காணி பாக்கெட்டை மறுபடி எடுத்தாள். “எங்க இருக்கறாங்க? கூட்டியாரது?”

“வர முடியாதுங்கக்கா. அவங்க அந்த நாட்டுக்காரங்களாயிட்டாங்க. நாங்க இந்த நாட்டுக்காரங்களாயிட்டோம்.”

அருக்காணி பாக்கெட்டைப் பத்திரமாகக் கீழே வைத்தாள். கல்லாவை விட்டு எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தூக்கி வெளிச்சம் விழுகிற இடத்தில் போட்டாள். “இங்க உக்காரு சாமி. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போவ வேண்டாம். இங்கயே உக்காந்து வரை” என்றாள்.

சாந்தாமேரி எதிர்ப்புறம் பார்த்துத் தலையசைத்தாள். மில்லுக்குப் போக வேண்டியதில்லை என்று ஸ்தனிஸ்லாசுக்குப் புரிந்தது. துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு லாரி நிற்கிற பக்கம் நடந்தான்.

அவள் புதுப்படத்துப் பெண்ணின் முகத்தை ரப்பரால் அழித்துவிட்டு அம்மாவை வரைய ஆரம்பித்தாள். மூக்கு வந்தது, கண் வந்தது, திரும்பிப் பார்க்கிற கழுத்து வந்தது. தலைக்கு வந்ததும் பென்சில் நின்றது. பழைய படத்தில் அங்கே கூடைக்கயிறு இருந்தது. இப்போது கயிறு இல்லை. கயிறு இல்லாத அம்மாவின் தலை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து கூடை சுமந்து சுமந்து, கயிறு உராய்ந்த இடத்தில் முடி கொட்டி வழுக்கையாகிவிட்டது. கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அம்மா முந்தானையை இழுத்து அந்த இடத்தை மூடிக்கொண்டேதான் நிற்பாள்.

“என்ன கண்ணு, நின்னுட்டே?” என்றாள் அருக்காணி.

“ஒண்ணுமில்லீங்க.”

சாந்தாமேரி பென்சிலைக் கூராக்கிக்கொண்டாள். பிறகு, கண்ணீர் காகிதத்தில் விழாமல் முகத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு வகிடெடுத்து, தலை நிறைய முடி வரைந்தாள்.